பென் டிரைவின் சிறுமையும் அதன் பிரயோஜனமும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றி விஸ்தாரமாக ஆராய்வது வீண் வேலை என்று கருதுவோர் உண்டு. ஆயினும், ஒரு குடும்பத்தின் கல்யாணப் புகைப்படங்களும், வீட்டுப் பத்திரத்தின் நகலும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும், ஒரு சிறு வியாபாரியின் ஆண்டுக் கணக்கும் இன்று நகத்தளவேயான ஒரு சாதனத்தினுள் குடிபுகுந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, விலையைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை அளக்கலாகாது என்பது விளங்கும். கடையில் பென் டிரைவ் வாங்க நிற்பவர் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறார்: எத்தனை ஜி.பி., என்ன விலை? அதற்கு மேல், உருவம் சிறிதாகவும் பளபளப்பாகவும் இருந்துவிட்டால் மனம் தானாகவே அதன்பால் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சிறுமை எதற்காக வேண்டும், அதற்காக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற விசாரணை அநேகமாக நடைபெறுவதேயில்லை. சிறிய உருவம் எடுத்துச் செல்வதற்கென்றே ஏற்பட்ட சௌகரியம் என்பது பொதுஜன அபிப்பிராயம். அது சரியன்று என்பதும், உண்மையில் ஓரிடத்தில் செருகியபடியே விட்டுவைப்பதற்குத்தான் அந்தச் சிறுமை பெரிதும் உதவுகிறது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

இச்சாதனத்தின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்வது இவ்விசாரணைக்கு அநுகூலமாகும். மின்சாரம் நின்றுபோன பின்னும் பதிந்ததை இழக்காத ஃபிளாஷ் நினைவகத்தைப் பற்றி, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்ற ஜப்பானிய அறிஞர் 1984ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய பொறியியல் மகாநாடொன்றில் எடுத்துரைத்தார். இன்றைய பென் டிரைவுகளில் வழங்கும் நாண்ட் என்ற வகை 1987இல் வெளிவந்தது. பலவகைத் துணைக்கருவிகளையும் ஒரே வகையான செருகியைக் கொண்டு கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. என்னும் ஏற்பாடு 1996இல் பிறந்தது. இவ்விரண்டையும் முதலில் ஒன்றுசேர்த்த பெருமை யாருக்கு உரியது என்பதில் மட்டும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனமோ, ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 2000ஆம் ஆண்டில் நடைபெற்ற கண்காட்சியில் தன் சரக்கைப் பகிரங்கமாக வைத்து உரிமை கொண்டாடியது. அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த சாதனத்தின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று செல்போன் புகைப்படங்கள் இரண்டு மூன்றை வைத்தால் நிரம்பிவிடும் அளவேயாயினும், 1.44 மெகாபைட் ஃபிளாப்பிகளைச் சுமந்து திரிந்த அக்காலத்தவருக்கு அது ஐந்து ஃபிளாப்பிக்கு மேற்பட்ட பாக்கியமாயிருந்தது.

அந்த நாளைய சாதனங்கள் விரல் நீளம் இருந்ததற்குக் காரணம், நினைவகச் சிப் ஒன்று, அதை ஆளும் கன்ட்ரோலர் சிப் ஒன்று, இவற்றைத் தாங்கும் பச்சைப் பலகை ஒன்று என்று உறுப்புக்கள் தனித்தனியே இருந்தமைதான். பின்னர் இவையனைத்தையும் ஒரே கரிய வில்லையாக வார்த்துவிடும் முறை வந்தது. அந்த வில்லை யு.எஸ்.பி. செருகியின் உலோக உறைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், 12 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள அச்செருகியின் பரிமாணமே ஏறக்குறைய இனிச் சாதனத்தின் பரிமாணம் என்றாயிற்று. ஸாம்ஸங் நிறுவனத்தின் ஃபிட் பிளஸ் என்ற மாதிரி 24 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமும் மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையும் உடையது. ஸான்டிஸ்க் நிறுவனத்தின் அல்ட்ரா ஃபிட்டும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. கணினியில் செருகிய பின் வெளியே தெரிவது விரல் நுனி பற்றும் அளவுதான். பழைய வடிவச் செருகி உள்ளவரையில் இதற்கு மேல் இதை அதிகமாகக் குறுக்க இடமில்லை.

இச்சிறுமையால் விளையும் நன்மையை முதலில் சொல்வது நியாயம். மடிக்கணினியில் நீளமான பென் டிரைவைச் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்பவர், கணினியை மடியிலிருந்து மேஜைக்கு மாற்றும் வேளையிலோ, பைக்குள் நுழைக்கும் அவசரத்திலோ அதை எங்கேனும் இடித்துவிட்டால், நெம்புகோல் போல் அது திரும்பி, தானும் வளைந்து, கணினியின் போர்ட்டையும் பெயர்த்துவிடும். பென் டிரைவ் போனால் சில நூறு ரூபாயோடு நஷ்டம் நிற்கும். போர்ட் பெயர்ந்தால் ரிப்பேர்க் கடைக்காரர் சொல்வதே விலை. வெளியே நீண்டிராத சாதனத்திற்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. காரில் பாட்டுக் கேட்பதற்குச் செருகி வைப்பதும், சுவரோடு ஒட்டி மாட்டிய தொலைக்காட்சியின் பின்புறத்தில் சொருகி வைப்பதும், சேமிப்பிடம் குறைந்த மடிக்கணினிக்கு நிரந்தரத் துணையாக வைப்பதும் இந்த வகையினவே. இவற்றிலெல்லாம் சிறிய பென் டிரைவை விஞ்ச வேறொன்றில்லை.

அதே சாதனத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கினால் குணமெல்லாம் குற்றமாக மாறுகிறது. மூன்று கிராம் எடையுள்ள பொருள் பையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று உடல் உணர்வதில்லை. சலவைக்குப் போட்ட சட்டையோடு போய்த் துவைந்து வருவது இதன் சகஜமான விதி. வில்லையாக வார்க்கப்பட்டதாகையால் நன்றாக உலர்ந்த பின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது என்பது வேறு விஷயம். சாவிக் கொத்தில் கோக்கத்தக்க துளை சில மாதிரிகளில் பெயரளவுக்கு இருந்தாலும், கோத்த வளையமே பக்கத்துப் போர்ட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். இறுக்கமான போர்ட்டிலிருந்து பிடுங்குவதற்குப் பிடிமானம் இல்லாமல் நகத்தால் நெம்புவோரையும் காண்கிறோம். பழைய வடிவான ஏ வகைச் செருகிக்குத் தர நிர்ணயம் விதித்திருப்பது 1,500 தடவை செருகி எடுப்பதுதான். தினந்தோறும் பத்து இடங்களில் செருகி எடுப்பவர் இதையும் எண்ணிக்கொள்ளவேண்டும். ஆகவே நாள்தோறும் கைமாறும் சாதனமாயின், நல்ல வளையமும், உள்ளிழுத்து மூடும் அமைப்பும், விரலால் பற்றத்தக்க உடலும் உள்ள நடுத்தர அளவினதே உத்தமம். மூடி தனியாகக் கழலும் வகைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அந்த மூடிகள் எங்கே போகின்றன என்பது எவரும் கண்டறியாத ரகசியம்.

சிறுமைக்காக நாம் கொடுக்கும் மற்றொரு விலை சூடு. மின்சாரத்தை உண்டு வேலை செய்யும் கன்ட்ரோலர் தன் வெப்பத்தை வெளியேற்றுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பையே குறைத்துவிட்ட சாதனத்தில் அந்த வெப்பம் தேங்குகிறது. பெரிய கோப்பொன்றை எழுதிக்கொண்டிருக்கும் சிறிய பென் டிரைவைத் தொட்டுப் பார்த்தால் இது பிரத்தியட்சமாக விளங்கும். சூடு மிஞ்சும்போது சாதனம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், முதல் ஓரிரு நிமிஷங்களில் கண்ட வேகம் கடைசி வரையில் நிலைப்பதில்லை. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் இது கிடப்பதானால், அதில் இருப்பவை பிரதியுள்ள பாட்டுக்களாக மட்டும் இருக்கட்டும். இதனோடு, அநேகர் அறியாத உபத்திரவம் ஒன்றும் உண்டு. யு.எஸ்.பி. 3 வகைச் சாதனங்கள் தரவைப் பரிமாறும்போது எழும் மின்காந்த இரைச்சல், கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வுரையில் விளக்கியிருக்கிறது. மவுஸின் ரிசீவரும் பென் டிரைவும் அடுத்தடுத்த போர்ட்டுகளில் இருக்கையில் திரையில் அம்புக்குறி தடுமாறினால், மவுஸைக் குறை கூறுமுன் இரண்டில் ஒன்றை எதிர்ப்புறப் போர்ட்டுக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது.

வேகத்தைப் பற்றிய விஷயத்தில்தான் வாங்குபவர் அதிகமாக ஏமாறுகிறார். யு.எஸ்.பி. 2.0 என்பது வினாடிக்கு 480 மெகாபிட், 2008இல் வந்த 3.0 என்பது வினாடிக்கு 5 ஜிகாபிட் என்று அட்டைகளில் அச்சிட்டிருப்பதெல்லாம் பாதையின் அகலத்தைக் குறிப்பனவேயன்றிச் சாதனத்தின் நடையைக் குறிப்பன அல்ல. பின்னாளில் அந்த 3.0க்கே 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் மறுபெயர்கள் சூட்டப்பட்டமையால், எண் பெரிதாயிருப்பதைக் கண்டு புதியதென்று மயங்குவதற்கும் வழி ஏற்பட்டிருக்கிறது. அட்டையில் விளம்பரப்படுத்தும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை அநேக நிறுவனங்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. மலிவான யு.எஸ்.பி. 2.0 பென் டிரைவ் ஒன்று வினாடிக்கு 5 மெகாபைட் எழுதுவதாக வைத்துக்கொண்டால், 4 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கல்யாண வீடியோவைப் பதிவதற்கு 800 வினாடிகள், அதாவது பதின்மூன்று நிமிஷங்களுக்கு மேல் ஆகும். வினாடிக்கு 50 மெகாபைட் எழுதும் சாதனம் அதை 80 வினாடிகளில் முடித்துவிடும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைப் பதிவதாயின் இந்த வித்தியாசம் மேலும் கொடிதாகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், இடம், அளவு என்று அட்டவணையில் தனித்தனியே குறிக்கவேண்டியிருப்பதால், நல்ல சாதனங்களே அங்கே தவழத் தொடங்குகின்றன.

இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு நினைவக அணுவறையில் மூன்று நான்கு பிட்டுகளைத் திணிக்கும் இன்றைய மலிவு வகைகள் இயற்கையில் மெதுவாக எழுதுவன. ஆகவே ஒரு சிறு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட் என்ற விரைவான முறையில் நடத்தி, வருவதை முதலில் அங்கே வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக உள்ளே அடுக்கும் ஏற்பாட்டைச் சில தயாரிப்பாளர்கள் செய்திருக்கிறார்கள். அப்பகுதி நிறைந்தவுடன் வேகம் திடீரென்று சரிந்துவிடுகிறது. கடைக்காரர் ஒரு பாட்டைப் பதிந்து காட்டும் பரீட்சையில் எல்லாச் சாதனமும் தேறிவிடுவதன் ரகசியம் இதுவே. ஆதலின், கையிலுள்ள பணத்தில் கொள்ளளவை இரட்டிப்பாக்குவதா, எழுதும் வேகத்தை உயர்த்துவதா என்ற தர்மசங்கடம் நேர்ந்தால், அடிக்கடி பதிந்து அழிப்பவர் வேகத்தையே வாங்குக என்பது என் துணிவு. தொலைக்காட்சிக்கும் காருக்கும் வாங்குபவருக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை. சினிமாப் படத்தையோ பாட்டையோ படிப்பதற்கு மிகச் சாதாரணமான வேகமே போதும்.

கொள்ளளவைப் பற்றி எழும் முதற் சந்தேகம், 64 ஜிகாபைட் என்று வாங்கியது கணினியில் 59.6 என்று காட்டுவானேன் என்பது. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. இதில் வஞ்சகம் இல்லை. வஞ்சகம் வேறிடத்தில் இருக்கிறது. நடைபாதைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் 1 டெராபைட், 2 டெராபைட் என்ற முத்திரையோடு சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பொருள்கள், கன்ட்ரோலருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துத் தயாரிக்கப்பட்டவை. உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிகாபைட் சிப். கணினி கேட்டால் அது 2,000 என்று பதில் சொல்லும். உண்மையான எல்லை வரும் வரையில் எல்லாம் ஒழுங்காகப் பதியும்; அதற்கு மேல் எழுதுவன முன்பு எழுதியவற்றின் மேலேயே விழும், அல்லது எங்கும் விழாமல் மறையும். கோப்புக்களின் பெயர்கள் மட்டும் அட்டவணையில் அழகாகத் தெரிந்துகொண்டிருப்பதால், திறந்து பார்க்கும் நாள் வரையில் நஷ்டம் தெரியாது. கிங்ஸ்டன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட உண்மையான 2 டெராபைட் பென் டிரைவ் 72 மில்லிமீட்டர் நீளம் உடையதாயும் சாமானியர் எட்டிப் பிடிக்க முடியாத விலையுடையதாயும் இருந்தது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இம்மோசடியைக் கண்டறியும் நம்பத்தகுந்த உபாயம்: சாதனம் முழுவதையும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் எஃப்3 என்பதும் இதைச் செவ்வனே செய்கின்றன. வினாடிக்கு 10 மெகாபைட் வீதம் எழுதும் 64 ஜிகாபைட் சாதனத்தை நிரப்புவதற்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரமாகும்; அந்த நேரத்தில் அதன் உண்மையான எழுதும் வேகமும், சூடு தாங்கும் சக்தியும் ஒருங்கே வெளிப்பட்டுவிடுவதால், புதிதாக வாங்கியது எதுவாயினும் இப்பரீட்சைக்கு உட்படுத்துவது காலவிரயம் ஆகாது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் இதைச் செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாதனத்தில் கோப்புக்களை அடுக்கும் முறையான ஃபார்மேட் என்ற விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லி முடிக்கலாம். எஃப்.ஏ.டி. 32 என்ற பழைய முறையை அநேகமாக எல்லாக் கருவிகளும் வாசிக்கும். ஆனால் 4 ஜிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. இடம் காலியாயிருந்தும் படம் பதிய மறுக்கிறதே என்று திகைப்பவரின் துன்பத்துக்கு மூலம் இதுவே. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு அந்த எல்லை இல்லை. விண்டோஸும் ஆப்பிள் கணினிகளும் இன்றைய லினக்ஸும் அதை எழுதவும் படிக்கவும் வல்லன. என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்தால் ஆப்பிள் கணினி படிக்குமேயன்றித் தானாக எழுதாது. பழைய கார் ஸ்டீரியோவும் பழைய தொலைக்காட்சியும் பெரும்பாலும் எஃப்.ஏ.டி. 32ஐயே விரும்புவன; விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலோ நெடுங்காலமாக 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட சாதனத்துக்கு அம்முறையை அளித்ததில்லை. ஆகவே காருக்கென்று வாங்குபவர் 32 ஜிகாபைட்டோடு திருப்தியடைவது சிலாக்கியம். ஆயிரக்கணக்கான பாட்டுக்களுக்கு அது தாராளமாகப் போதும். விண்டோஸை நிறுவுவதற்காக ஒன்று வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு மைக்ரோஸாஃப்ட் கேட்பது 8 ஜிகாபைட்டே.

ஜெராக்ஸ் கடைகளை நினையாமல் பென் டிரைவைப் பற்றிய விசாரணை நம் ஊரில் பூர்த்தியாகாது. விண்ணப்பம் அச்சிடவும், சான்றிதழ் நகலெடுக்கவும் நாள்முழுதும் நூறு பேர் தங்கள் பென் டிரைவுகளைச் செருகிச் செல்லும் கணினி, நோய் பரவுவதற்குச் சந்தைக்கு ஒப்பான இடம். கோப்புறைகளெல்லாம் மறைந்து, அவற்றின் பெயரில் போலிக் குறுக்குவழிகள் தோன்றும் வைரஸை அறியாத கல்லூரி மாணவர் இரார். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், வெளியுலகத் தொடர்பற்ற தொழிற்கூடக் கணினிகளுக்குள்ளும் பென் டிரைவ் மூலமாகவே நுழையவல்லதாயிருந்தது. 2014இல் கார்ஸ்டன் நோல் முதலிய ஆராய்ச்சியாளர்கள், கன்ட்ரோலரின் உள்நிரலையே மாற்றிவிட்டால் பென் டிரைவ் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு கணினிக்குக் கட்டளையிடவும் கூடும் என்று நிரூபித்துக் காட்டினார்கள். வீதியில் கண்டெடுத்த பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் ஆவலை இதனால் அடக்கிக்கொள்ளவேண்டும். அச்சுக்கென்று சிறு கொள்ளளவுள்ள மலிவான ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, அச்சிடவேண்டிய கோப்பை மட்டும் அதில் பதிந்து கொண்டுபோவதும், வீடு திரும்பியவுடன் ஃபார்மேட் செய்துவிடுவதும் விவேகம். ஆதார் அட்டையும் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் அடங்கிய பென் டிரைவை அந்தக் கணினியில் செருகுவது, வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வருவதற்குச் சமானம். அத்தகைய பத்திரங்களைச் சுமந்தே தீரவேண்டியவர், விண்டோஸின் பிட்லாக்கர் அல்லது வெராகிரிப்ட் போன்ற மென்பொருளொன்றால் பாஸ்வேர்டு இட்டுப் பூட்டவேண்டும். தொலைந்துபோவதையே சுபாவமாகக் கொண்ட சிறிய சாதனத்துக்கு இது இரட்டிப்பு அவசியம்.

ஆயுளைப் பற்றிய உண்மை சற்று மனத்தைத் தளர்த்துவது. அறைக்கு ஒரு பிட் வைக்கும் பழைய உயர்தர நினைவகம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை எழுதி அழிப்பதைத் தாங்கும் என்பர். மூன்று பிட் வைக்கும் வகையின் சகிப்பு ஆயிரத்தை ஒட்டிய கணக்கில் நிற்கிறது. நான்கு பிட் வகையோ அதனினும் தாழ்ந்தது. பாட்டுக் கேட்பவருக்கு ஆயிரமே தாராளம் என்பது மெய்தான். ஆனால் பதிவு என்பது அணுவறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமேயாதலால், மின்சாரம் காணாமல் பீரோவில் உறங்கும் பென் டிரைவில் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிகிறது. வெப்பம் அக்கசிவைத் துரிதப்படுத்துகிறது. மேலும், பலகையில் தனித்தனிச் சிப்புகள் உள்ள பழைய அமைப்பு பழுதானால், நினைவகத்தை மட்டும் கழற்றிப் படித்து மீட்கும் வல்லுநர் உண்டு. ஒரே வில்லையாக வார்த்த சிறிய சாதனத்திலோ மேற்பூச்சைச் சுரண்டி மயிரிழை போன்ற கம்பிகளை ஒட்டி முயலவேண்டியிருப்பதால், மீட்புக்கு ஆகும் செலவு பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அட்டையில் கண்டு ஆறுதல் அடைவோர், அது புதிய பென் டிரைவைத் தருமேயன்றிப் பழைய புகைப்படங்களைத் தராது என்பதை உணரவேண்டும்.

செருகியைப் பொறுத்தவரையில், 2014இல் தோன்றிய டைப்-சி என்னும் இருபுறமும் பொருந்தும் செருகி செல்போன்களிலும் புது மடிக்கணினிகளிலும் நிலைபெற்றுவிட்டது. செருகி எடுப்பதில் அதன் சகிப்பு 10,000 தடவை. ஒரு முனையில் இதையும் மறுமுனையில் பழைய வடிவையும் கொண்ட இரட்டை வகை, செல்போனிலிருந்து புகைப்படங்களை நேரே இறக்கி வேறு கணினியில் ஏற்றுவதற்கு மிகவும் சௌகரியமானது. புதிதாக ஒரே ஒன்று வாங்கும் குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

முடிவாக என் அபிப்பிராயத்தைக் கேட்போருக்கு: காருக்கும் தொலைக்காட்சிக்கும் பெயருள்ள நிறுவனத்தின் 32 ஜிகாபைட் சிறிய வகை; மடிக்கணினியில் நிரந்தரமாக வைப்பதற்கு யு.எஸ்.பி. 3 வகையில், எழுதும் வேகத்தை அட்டையில் வெளிப்படையாகச் சொல்லும் 128 ஜிகாபைட் சிறிய வகை. கையோடு கொண்டுபோவதற்கு வளையம் உள்ள 64 ஜிகாபைட் இரட்டைச் செருகி வகை. ஜெராக்ஸ் கடைக்கு வீட்டில் கிடக்கும் பழையது எதுவாயினும் சரி. இவற்றில் எதை வாங்கினாலும் பில்லைப் பத்திரப்படுத்தி, வந்த அன்றே முழுதும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள். இழக்கத் தகாதது எதுவாயினும், அதன் மற்றொரு பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறதென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே இதில் ஏற்றுங்கள்.